குளத்து ஹீட்டரை அணைக்க வாட்ச்மேன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் எகிறுவதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எழுதினாலும் எழுதினீர்கள், வாசகர் கடிதப் பகுதியில் தினமும் ஒரு பஞ்சாயத்து. லிஃப்டைத் திட்டுகிறவர் ஒரு பக்கம், கார் நிறுத்துமிடத்து விளக்கைத் திட்டுகிறவர் ஒரு பக்கம். அதில் நீச்சல் குளத்து ஹீட்டரைப் பற்றி வந்த இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் "சென்னை வெயிலுக்குக் குளத்தில் ஹீட்டரா, இதெல்லாம் கொழுப்பு" என்கிறார். இன்னொருவர், ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுவதற்கு வாட்ச்மேனின் அலட்சியம்தான் காரணம், அவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்கிறார். முதல் ஆள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இரண்டாவது ஆள் சொல்வதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் மோட்டார், ஹீட்டருக்கெல்லாம் சுவிட்ச் பெட்டி கட்டுகிற பேனல் போர்டு வேலை பார்க்கிறவன். பெருங்குடியில் ஆரம்பித்து கேளம்பாக்கம் வரைக்கும் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளின் பம்ப் ரூம்களில்தான் என் பொழுது பெரும்பாலும் போகிறது. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உள்ளே இறங்கிச் சொல்ல முடியும். சுருக்கமாகச் சொன்னால், இது வாட்ச்மேன் வேலை இல்லை, நேரம் வந்ததும் தானே அணைக்கிற டைமரின் வேலை.

முதலில் அந்தக் கொழுப்பு விவகாரம். சித்திரை, வைகாசியில் குளத்துக்கு ஹீட்டர் வேண்டாம்தான், அப்போது தண்ணீரே வெந்நீர் மாதிரி இருக்கும், இறங்கினால் வியர்க்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு தை கடைசி வரைக்கும் கதை வேறு. மார்கழி விடியற்காலையில் நம் ஊரில் 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் 24, 25-இல் நிற்கும். போட்டிக்கு நீந்துகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, சர்வதேசப் போட்டி விதியே 25 முதல் 28 டிகிரி வரைதான். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு விடியலில் பயிற்சி எடுக்கும் பையன்களைக் கேளுங்கள், நாலு முறை போய்வந்தால் உடம்பு தானே சூடாகிவிடும் என்பார்கள். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு காலை உதைக்கப் பழகும் நாலு வயதுக் குழந்தைக்கும், முட்டிவலிக்காக டாக்டர் சொல்லித் தண்ணீரில் மெதுவாக நடக்கும் பாட்டிக்கும் 29, 30 டிகிரியாவது வேண்டும். பல குடியிருப்புகளில் குளத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களே இந்த இரண்டு கூட்டம்தான். அவர்களுக்காக மூன்று மாதம் ஹீட்டர் போடுவதைக் கொழுப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாருமே இறங்காத ராத்திரி பதினொரு மணிக்கு அது ஓடுகிறது பாருங்கள், அதுதான் தப்பு.

அதற்கு என்ன செலவாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 33 அடி நீளம், 16 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் என்று ஒரு நடுத்தரக் குளத்தை வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 60,000 லிட்டர் பிடிக்கும். 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற கிட்டத்தட்ட 1.16 யூனிட் சூடு வேண்டும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அப்படியென்றால் இந்தக் குளத்தை 1 டிகிரி ஏற்ற 70 யூனிட். கீசரில் இருப்பது போல எலிமென்ட் வைத்த மின்சார ஹீட்டர் என்றால் அந்த 70-ம் மீட்டரில் அப்படியே ஏறும். ஹீட் பம்ப் என்றால் அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தருகிற யந்திரம், ஏசியைத் திருப்பிப் போட்ட வேலை, நம் ஊர்க் காற்றுக்கு ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு தரும். ஆக 14 யூனிட், அதிகம் போனால் 18. இப்போது இங்கே புதிதாகப் போடுவதெல்லாம் பெரும்பாலும் ஹீட் பம்ப்தான், ஆனால் பழைய எலிமென்ட் ஹீட்டரை இன்னும் கட்டி மாரடிக்கிற குடியிருப்புகளும் இருக்கின்றன.

சரி, தெர்மோஸ்டாட்தான் இருக்கிறதே, 30 வந்ததும் தானே நின்றுவிடாதா என்று கேட்பார்கள். நிற்கும். அப்புறம் தண்ணீர் 29-க்கு இறங்கியதும் திரும்ப ஓடும், மறுபடி நிற்கும், மறுபடி ஓடும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியும், மணி தெரியாது. குளத்தில் யாராவது இருக்கிறார்களா, கேட் பூட்டியாகிவிட்டதா என்பதெல்லாம் அதற்குக் கவலையே இல்லை. அதிலும் ராத்திரியில்தான் சூடு வேகமாக வெளியேறும், குளம் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாதலால்தான். மேலே சொன்ன அதே குளத்தில் வெறும் 1 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் 50 லிட்டர் போச்சு, அந்த 50 லிட்டர் தன்னோடு கொண்டுபோகும் சூடு 34 யூனிட், அதாவது குளம் முழுக்க அரை டிகிரி. காற்று கொஞ்சம் வீசுகிற ராத்திரியில் 1 மில்லிமீட்டரோடு நிற்காது. இப்படி ஆவியாகப் போவதை ஈடுகட்ட ஹீட்டர் விடிய விடிய ஓடும், குளத்து மேலே லேசாகப் புகை மாதிரி எழும்புவதைப் பார்த்து "ஆகா, ரிசார்ட் மாதிரி இருக்கே" என்று பால்கனியிலிருந்து போட்டோ எடுப்பார்கள். எழும்புவது அவர்கள் கட்டிய மெயின்டனன்ஸ் பணம்.

4 கிலோவாட் இழுக்கிற ஒரு ஹீட் பம்ப் ராத்திரி 8 மணியிலிருந்து காலை 5 மணி வரை நிற்காமல் ஓடினால் 36 யூனிட். அதோடு ஃபில்டர் பம்பும் ஓடியாக வேண்டும், அது தனி. 2022 செப்டம்பரில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கென்றே தனிக் கட்டண வகை கொண்டுவந்து யூனிட் 8 ரூபாய் ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. 2023 அக்டோபரில் சலுகை தந்ததெல்லாம் லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள் இருக்கிற, பத்து வீட்டுக்கு மேல் போகாத சின்னக் கட்டடங்களுக்கு. நீச்சல் குளம் வைத்திருக்கிற குடியிருப்பு அந்தக் கணக்கில் வருமா? ஆக ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய முந்நூறு ரூபாய், மாதம் ஒன்பதாயிரம், ஆள் இல்லாத குளத்துக்கு. இடையிடையே தெர்மோஸ்டாட் நிறுத்தும் என்று கழித்துக்கொண்டாலும் சில ஆயிரம் நிற்கும். 18 கிலோவாட் எலிமென்ட் ஹீட்டர் என்றால் கணக்கே போட வேண்டாம், வயிறு எரியும்.

இப்போது வாட்ச்மேன். அவர் வேலை என்ன என்று பார்க்கலாம். கேட்டில் வரும் டெலிவரிப் பையன்களுக்கெல்லாம் பெயர் எழுத வேண்டும், மேல்தொட்டி மோட்டார் போட வேண்டும், லாரித் தண்ணீர் வந்தால் ஹோஸ் மாட்ட வேண்டும், யாரோ வீட்டு ஏ.சி. மெக்கானிக்குக்கு வழி காட்ட வேண்டும். எட்டு மணி ஷிஃப்ட் மாறுகிற நேரம், பழைய ஆள் கிளம்பும் அவசரத்தில் இருப்பார், புது ஆள் அப்போதுதான் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார். பம்ப் ரூம் பெரும்பாலும் பேஸ்மென்டின் கோடியில், குனிந்து போக வேண்டிய இடத்தில், ஈரத்தரையோடு இருக்கும். "ஹீட்டரை யார் அணைத்தார்கள்" என்று மறுநாள் கேட்டால் "அவர் அணைத்திருப்பார் சார்" என்பார் இவர், "இவர் அணைத்திருப்பார் சார்" என்பார் அவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே சுவிட்சை அணைக்க வேண்டும் என்கிற வேலையை ஒரு மனிதர் தலையில் கட்டுவதே தப்பு, அதுவும் ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டைமர் கிடைக்கிற காலத்தில். அதைச் செய்யாமல் சம்பளத்தில் பிடிக்கிறேன் என்கிறார்களே, அப்படித் தீர்மானம் போடுகிற கமிட்டிக் கூட்டத்தில் எத்தனை பேர் தங்கள் வீட்டு கீசரை நேரத்துக்கு அணைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

டைமர் வையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது. எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் பாதிப் பிரச்சினை. ஒரு குடியிருப்பில் பார்த்தேன், ஆர்வமாக யாரோ டைமர் வாங்கி, பம்ப் ரூமுக்கு வரும் மொத்த சப்ளையையும் அதன் வழியாகவே கொடுத்திருந்தார்கள். எட்டு மணிக்கு டக்கென்று எல்லாம் நிற்கும், ஹீட்டர், பம்ப், விளக்கு எல்லாம் ஒன்றாக. உள்ளே இருந்தது எலிமென்ட் ஹீட்டர். கரண்ட் போனாலும் எலிமென்டின் சூடு உடனே போய்விடாது, அதைச் சுமந்துகொண்டு போகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பம்பும் அதே நொடியில் நின்றால் குழாய்க்குள் தேங்கிய கொஞ்சத் தண்ணீர் அங்கேயே கொதிக்கும். சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. ஹீட்டர் ஓரத்தில் குழாயை இணைக்கிற யூனியன் மெத்தென்று இளகி, கோணலாகித் தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி எம்-சீலை அப்பி அப்பி வைத்திருந்தார்கள், மஞ்சள் கட்டி ஒன்று கழுத்தில் புடைத்த மாதிரி. ஏன் தினமும் ஒழுகுகிறது என்று பிளம்பரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், டைமரை யாரும் சந்தேகப்படவில்லை.

ஆகவே முதலில் ஹீட்டர் நிற்க வேண்டும், பம்ப் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓடி நிற்க வேண்டும். அமெரிக்காவில் கேஸ் ஹீட்டர் வைத்த குளங்களில் பம்ப் டைமருக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தி, பம்ப் நிற்பதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே ஹீட்டரை நிறுத்திவிடுவார்கள். இங்கே கேஸ் ஹீட்டர் அபூர்வம், ஆனால் முறை அதேதான். ஹீட்டருக்கு 8 மணி, பம்புக்கு 8.20 என்று வையுங்கள், போதும். ஹீட் பம்புக்கு இந்த அளவு கண்டிப்பு தேவையில்லை என்றாலும் வைப்பதில் நஷ்டமில்லை.

அடுத்தது, டைமரின் கொள்ளளவு. கடையில் கிடைக்கும் டிஜிட்டல் டைமரில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது எலிமென்ட் மாதிரியான லோடுக்குச் சொன்னது, அதுவும் ஒற்றை பேஸுக்கு. கம்ப்ரஸரும் மோட்டாரும் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், டைமருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற கடுகளவு காண்டாக்ட் முனை ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டிக்கொண்ட பிறகு திரையில் ஆஃப் என்று காட்டும், ஹீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 18 கிலோவாட் மூன்று பேஸ் ஹீட்டர் ஒவ்வொரு பேஸிலும் 25 ஆம்பியர் எடுக்கும், அதை டைமர் வழியாக விடவே முடியாது. காண்டாக்டர் என்பது பெரிய கரண்டைத் தாங்குகிற காந்த சுவிட்ச், டைமர் அதன் காயிலை மட்டும்தான் இயக்க வேண்டும், லோடைக் காண்டாக்டர் சுமக்கும். எந்த வயர்மேனைக் கேட்டாலும் இது தெரியும், ஆனால் காண்டாக்டருக்கும் டப்பாவுக்கும் சேர்த்துச் செலவு சொன்னதும் "டைமர் மட்டும் போட்டுவிடுப்பா" என்கிற செக்ரட்டரிதான் நம் எல்லாருக்கும் வாய்க்கிறார்.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. பல மாடல்களில் உள்ளே போர்டில் ரிமோட் என்று இரண்டு முனை தந்திருப்பார்கள், கம்பெனியிலிருந்து வரும்போது அதில் ஒரு சின்ன வயர் துண்டை வளைத்து இரண்டையும் இணைத்திருப்பார்கள். அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு டைமரின் காண்டாக்டை அங்கே கொடுத்தால், காண்டாக்ட் மூடினால் ஓடும், திறந்தால் யந்திரம் தன் முறைப்படி ஒழுங்காக நின்றுகொள்ளும். மெயினை வெட்டுவதைவிடக் கம்ப்ரஸருக்கு இது நல்லது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும், அந்த முனைகளுக்கு வெளியிலிருந்து கரண்ட் போகக் கூடாது, வெறும் காண்டாக்ட் மட்டும்தான். சில டைமர்களில் உள்ளேயே சப்ளையை அவுட்புட்டோடு இணைத்திருப்பார்கள், அதைக் கொண்டுபோய் இங்கே மாட்டினால் 230 வோல்ட் நேராக போர்டுக்குள் இறங்கும், ஒரு சின்ன பட் சத்தம், கருகிய வாசனை, அவ்வளவுதான், புது போர்டுக்கு எத்தனை டைமர் வாங்கலாம் என்று அப்புறம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். மாடலுக்கு மாடல் மாறும், புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். புத்தகம் எங்கே என்றால் பழைய கமிட்டியிடம் இருக்கிறது என்பார்கள், அது வேறு விஷயம்.

இனி கரண்ட் கட். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தி 2 மணிக்குத் தருவது நமக்குப் பழக்கம். வட்டமாகப் பல் வைத்த பழைய ரக டைமரில், கரண்ட் இல்லாதபோது கடிகாரமும் நின்றுவிடும் ரகம் ஒன்று உண்டு. ஐந்து மணி நேர ஷட்டவுனுக்குப் பிறகு அது ஐந்து மணி நேரம் தாமதமாகவே ஓடும். ராத்திரி 8 மணிக்கு நிற்க வேண்டிய ஹீட்டர் 1 மணிக்கு நிற்கும், மறுநாளும் அப்படியே, யாராவது பார்த்துத் திருத்தும் வரை. டைமர் வைத்தும் பில் குறையவில்லை என்று புகார் சொல்லும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது அதில் மணி என்ன காட்டுகிறது என்பதைத்தான். உள்ளே பேட்டரி வைத்த டைமராகக் கேட்டு வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் குடியிருப்புகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், டைமருக்கு ஈ.பி. கரண்டா ஜெனரேட்டர் கரண்டா என்று தெரியாது, டீசலை எரித்துக் குளத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் லைனிலிருந்து ஹீட்டரைப் பிரித்து வைப்பதுதான் சரி.

டிஜிட்டல் டைமரிலும் ஒரு வினை உண்டு. அதில் ஒரே பட்டனை அழுத்த அழுத்த ஆன், ஆட்டோ, ஆஃப் என்று மாறும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழா, குழந்தைகள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் ஆனில் வைப்பார். விழா முடிந்து கேக் டப்பாவைக்கூடக் கூட்டிப் பெருக்கி எடுத்துவிடுவார்கள், டைமர் மட்டும் ஆனிலேயே நிற்கும். அதற்குள் எழுதி வைத்த எட்டு மணி எந்த நாளிலும் வேலை செய்யாது. திரையில் ஓரமாக எறும்பு அளவுக்கு ஒரு கோடுதான் வித்தியாசம், கண்ணாடி போடாமல் தெரியாது.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது, கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் செய்து தருகிறேன். போடும் வேலையை மனிதரிடமே விட்டுவிடுங்கள், அணைக்கும் வேலையை மட்டும் டைமரிடம் கொடுங்கள். பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று, பச்சையை ஒருமுறை அழுத்தினால் சிவப்பை அழுத்தும் வரை காண்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சாதாரண ஹோல்டிங் இணைப்பு, நம் வீட்டு போர்வெல் ஸ்டார்ட்டரில் இருப்பதுதான். அந்த ஹோல்டிங் லைனில் டைமரின் காண்டாக்டை வரிசையாகச் சேர்த்துவிட்டால் எட்டு மணிக்குப் பிடி விட்டுவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வந்து பச்சையை அழுத்தித்தான் ஆக வேண்டும். இதில் கூடுதல் லாபம், கரண்ட் போய் வந்தாலும் ஹீட்டர் தானாகக் கிளம்பாது. பயிற்சி இல்லாத நாளில், மழை கொட்டுகிற நாளில், யாரும் பச்சையை அழுத்தவில்லை என்றால் ஹீட்டர் சும்மா இருக்கும். தானாகப் போடவும் தானாக அணைக்கவும் டைமர் வைத்தால், புயல் எச்சரிக்கை விட்டு ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்ட நாளிலும் அது கடமை தவறாமல் மழைத்தண்ணீரைச் சூடாக்கும். பிறந்தநாள் கேஸ் வந்தாலும் கவலை இல்லை, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று திருப்பி விடும் கவுண்ட்டவுன் டைமர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அது முடிந்ததும் தானே நிற்கும்.

வைஃபை டைமர், போனிலேயே ஆன் ஆஃப் பண்ணலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், பேஸ்மென்டில் சிக்னல் கிடைத்தால். ஒரு இடத்தில் ஆப் முழுக்கப் பழைய செக்ரட்டரியின் போன் நம்பரில் இருந்தது, அவரோ தன் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டார், ஒவ்வொரு முறை உள்ளே போகவும் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அங்கே நடுராத்திரி. குளத்து விஷயத்தில் என் ஓட்டு பம்ப் ரூம் சுவரில் மாட்டிய, கையால் தொட்டுத் திருத்தக்கூடிய டைமருக்குத்தான்.

"ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் திரும்பச் சூடாக்க இன்னும் அதிகம் செலவாகுமே, தொடர்ந்து ஓடுவதுதான் சிக்கனம்" என்று ஒரு வாதம் எல்லாக் கூட்டத்திலும் வரும், சொல்கிறவர் பெரும்பாலும் என்ஜினியர். அது சரியில்லை. தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். ராத்திரி முழுக்க 30-இலேயே பிடித்து வைத்தால் ராத்திரி முழுக்க அந்த வேகத்தில் இழக்கும், அணைத்துவிட்டால் ஆற ஆற இழப்பும் குறையும். காலையில் நாம் திரும்பத் தருவது இழந்ததை மட்டும்தான், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஹீட் பம்புக்கு இன்னொரு விஷயமும் உண்டு, மத்தியானம் 29 டிகிரிக் காற்றில் அது தருகிற சூட்டை விடியற்காலை 21 டிகிரிக் காற்றில் தராது. சாயங்காலம்தான் அதிகம் பேர் இறங்குகிறார்கள் என்றால் காலை 11 மணிக்குப் போட்டு 5 மணிக்குள் முடித்துவிடலாம், கரண்டும் குறையும், ராத்திரி தூங்குகிறவர்களுக்குச் சத்தமும் இருக்காது. விடியற்காலைப் பயிற்சி உள்ள இடம் என்றால் ராத்திரிக்குக் குளத்தை மூடுகிற கவர் ஒன்று வாங்குங்கள், ஆவியாவது நின்றாலே பெரும்பகுதிச் சூடு தங்கிவிடும். உண்மையைச் சொன்னால் டைமரையும் கவரையும் சேர்த்து வாங்கிய குடியிருப்புகளில்தான் பில் நன்றாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கவரைச் சுருட்டி எடுக்க ஆள் வேண்டும், அதனால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டைமர் பில்லைக் குறைக்கிற சாமான், உயிரைக் காக்கிற சாமான் இல்லை. குளத்து லைனில் கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும், எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஓடாவிட்டால் ஹீட்டரை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சும், சூடு எல்லை தாண்டினால் நிறுத்தும் கட்-அவுட்டும் வேலை செய்ய வேண்டும். "ஃப்ளோ சுவிட்ச் சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது" என்று அதை ஷார்ட் பண்ணி விட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாவம், ஃபில்டர் அடைத்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருக்கும், ஃபில்டர் மணலைத் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுகிற பேக்வாஷைப் பண்ணுவதை விட்டுவிட்டு அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் டைமர் மாட்டச் சொன்னால் முதலில் அந்த ஷார்ட்டைப் பிரித்துவிட்டுத்தான் மற்ற வேலை. இந்த வேலைகளை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள், யூடியூப் பார்த்துவிட்டு ஈரத்தரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இது இல்லை.

குளம் இல்லாதவர்கள் இவ்வளவு தூரம் படித்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு கீசரும் இதே ஜாதிதான். 15 லிட்டர் டேங்க், 2 கிலோவாட் எலிமென்ட், 27 டிகிரித் தண்ணீர் 60-க்குப் போக இருபது நிமிடம்கூட ஆகாது. அதைக் காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டுச் சாயங்காலம் வந்து அணைக்கிற வீடுகள் எத்தனையோ. அங்கே லோடு சின்னது என்பதால் 16 ஆம்பியர் டைமர் ஒன்றைத் தரமானதாக வாங்கி மாட்டினாலே போதும், காண்டாக்டரெல்லாம் வேண்டாம்.

ஹீட்டர் விற்கிற கம்பெனிகளுக்கும் உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு விண்ணப்பம். குளத்துக்கு ஹீட் பம்ப் பொருத்தித் தரும்போது டைமரையும் அதன் வயரிங்கையும் சேர்த்தே விலை சொல்லுங்கள், தனியாகக் கேட்டால்தான் என்று வைக்காதீர்கள். ரிமோட் முனை எங்கே இருக்கிறது, அதில் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். பம்ப் ரூமுக்குள் போகிற பிளம்பர், வயர்மேன், வாட்ச்மேன் மூன்று பேரும் படிக்கிற மொழி அதுதான், இப்போது அங்கே ஒட்டியிருப்பதில் பாதி சீன மொழியில் இருக்கிறது.

வாட்ச்மேன் சம்பளத்தில் பிடித்தே தீர வேண்டும் என்று எழுதிய வாசகருக்கு, அவர் குடியிருப்பு ஓ.எம்.ஆர். பக்கம் என்றால் நானே வந்து பார்த்துத் தருகிறேன், டைமர், காண்டாக்டர், டப்பா மூன்றையும் அவர்கள் வாங்கி வைத்தால் போதும். ஏற்கெனவே ஏதாவது பிடித்திருந்தால் அந்தப் பணத்தை அதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பேனல் போர்டு வேலை பார்க்கும் ஒரு வாசகன்,
சோழிங்கநல்லூர், சென்னை.